ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

போன அக்டோபரில் ஒரு நாள் காலை சிம்மக்கல்லில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொடுத்த ஓர் அரசு அலுவலகம். மேலூர்ப் பக்கம் இருக்கிறது என்பதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். அங்கே போனால் இன்னும் எனக்கு டீ வாங்கித் தருகிறார்கள்.

"தம்பி, விண்டோஸ் டென்னு முடிஞ்சுபோச்சாம்ல? மிஷினையே மாத்தணும்ங்கிறாய்ங்க."

அவர் சொன்னது சரிதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். அந்த அலுவலகத்து மிஷின்கள் பதினொன்றில் இரண்டுதான் தேறும். பழைய மிஷினையே ஓட்டிக்கொண்டு அப்டேட்டுக்கு மட்டும் காசு கட்டலாம் என்று ஒரு வழி உண்டு. நிறுவனங்களுக்கு முதல் வருஷம் ஒரு மிஷினுக்கு 61 டாலர், அதாவது ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். அடுத்த வருஷம் அது இரண்டு மடங்கு, அதற்கடுத்த வருஷம் மறுபடி இரண்டு மடங்கு. கந்துவட்டிக்காரர்கூட இந்த வேகத்தில் ஏற்ற மாட்டார். இன்னொரு வழி, விண்டோஸை எடுத்துவிட்டு, காசு கேட்காத லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடுவது.

"அந்த லினக்ஸப் போட்டுட்டா காசு மிச்சம்தானப்பா? முன்னாடி நீதானே போட்டுக் குடுத்த?"

"போட்டேன் சார். மூணு வாரத்துல எடுத்ததும் நான்தான்."

அந்தப் பக்கம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

*

முதல் தடவை நடந்தது 2014-இல். அந்த ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. தமிழ்நாடு முழுக்க அரசு அலுவலகங்கள் எக்ஸ்பியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குப் பதில் பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தச் சொல்லித் தமிழக அரசு துறைகளுக்கு அறிவுறுத்தியது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட இயங்குதளம். உரிமக் கட்டணம் கிடையாது, இந்திய மொழிகள் உள்ளேயே உண்டு. 'அரசுக்கு எத்தனை கோடி மிச்சம்' என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

நான் அந்த அலுவலகத்துக்குப் போய் முதலில் செய்த வேலை, கேஸின் பக்கவாட்டில் விண்டோஸ் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தது. மொத்தம் ஒன்பது மிஷின். நாலில் ஸ்டிக்கர் இருந்தது. மற்ற ஐந்திலும் யாரோ எப்போதோ எழுதிய சிடியிலிருந்து இறக்கியது. ஆபீஸ் மென்பொருளுக்கு ஒன்பதில் ஒன்றுக்குக்கூட ரசீது இல்லை. அங்கே மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் நான் போய்வந்த பள்ளிக்கூடம், வக்கீல் ஆபீஸ், அரிசி மண்டி எல்லாவற்றிலும் இதே கதைதான். கேள்வி அங்கேயே எனக்கு எழுந்தது. கொடுத்தே பார்க்காத காசை எப்படி மிச்சம் பிடிப்பது? மேலே தலைமைச் செயலகத்தில் போடும் கணக்கில் ஒன்பது உரிமம் மிச்சம். கீழே, மேலூர்ப் பக்கத்தில், ஒரு பைசா மிச்சமில்லை. புதிதாகச் சேர்ந்தது என் சர்வீஸ் கூலி மட்டும்தான்.

பாஸ் இறங்குவதில் ஒரு பிரச்சனையும் வரவில்லை. மத்தியானத்துக்குள் நாலு மிஷின் முடிந்தது. பிறகு டைப்பிஸ்ட் அக்கா வந்து உட்கார்ந்தார்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தட்டச்சில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ். வேலையில் சேர்ந்தபோது ரெமிங்டன் மிஷின். அதே விரல் பழக்கத்தோடு கம்ப்யூட்டருக்கு வந்தவர். விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டார். பக்கத்து மேஜைக்காரரோடு மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே முழுப்பக்கக் கடிதம் அடித்து முடிப்பார். அந்த வேகத்துக்கு ஏற்ற எழுத்துருவாக, டிடிபி கடைக்காரர்கள் வைத்திருந்த பாமினி வகை எழுத்துரு ஒன்று அவர் மிஷினில் இருந்தது.

ஒரு பழைய கடிதத்தைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்து. சொல் என்று ஒன்றும் இல்லை. அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"தம்பி, என்னத்தப்பா பண்ணித் தொலைச்ச?"

நடந்தது இதுதான். அந்தக் கால எழுத்துருக்களில் தமிழ் என்பது மேல்பூச்சு. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ஜே என்று அடித்தால் கம்ப்யூட்டர் ஜே என்றே சேமிக்கும், எழுத்துரு அதற்கு 'த' என்று படம் வரைந்து காட்டும். 'தமிழ்' என்ற சொல்லே பாமினியில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழ் போய்விடும், ஜே கே பி ஓ மட்டும் நிற்கும். இருபது வருஷத்துக் கடிதம், பட்டியல், தீர்மானம், எல்லாம் அப்படித்தான் அந்த மிஷினில் கிடந்தது. தமிழில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை என்று சொன்னால் அக்கா நம்பியிருக்க மாட்டார். நான் சொல்லவுமில்லை.

எழுத்துருக் கோப்பை எக்ஸ்பி வட்டிலிருந்து நகலெடுத்துப் போட்டதும் தமிழ் திரும்பி வந்தது. அக்கா முகத்திலும் கொஞ்சம் வந்தது. ஆனால் பக்க அமைப்பு சற்றே நகர்ந்திருந்தது. கட்டம் போட்ட பட்டியலில் கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. அடுத்தது பிரிண்டர். எல்லா ஆபீஸிலும் இருக்குமே, வெள்ளையாக, கையடக்கமாக ஒரு லேசர் பிரிண்டர், பதினைந்து வருஷமானாலும் சாகாது. விண்டோஸில் செருகினால் ஓடும். லினக்ஸில் அதற்கு டிரைவர் போட்டு ஒரு பக்கம் எடுத்தேன். இரண்டாவது பக்கத்துக்கு அது அசையவில்லை. மிஷினை அணைத்துப் போட்டால் மறுபடி ஒரு பக்கம். ஒரு தாளுக்கு ஒரு ரீஸ்டார்ட் என்று எந்த ஆபீஸ் ஓடும்?

மூன்றாவது வாரம் டோக்கன் வந்தது. அதிகாரியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பென்டிரைவ் மாதிரியான சாதனம். அதைக் கேட்கும் இணையதளம் ஓர் அரசுத் தளம்தான். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் திறப்பேன் என்றது. லினக்ஸுக்கு மாறு என்று சொன்னதும் அரசு, லினக்ஸில் ஓடாத தளத்தைக் கட்டி வைத்திருந்ததும் அரசு. ஒரு பில் மாட்டிக்கொண்டது. சம்பளம் சம்பந்தப்பட்டது. அன்று சாயங்காலமே மிஷினுக்கு முந்நூறு ரூபாய் என்று பேசி நாலிலும் விண்டோஸ் 7 ஏற்றினேன். எந்த விண்டோஸ் 7 என்று கேட்காதீர்கள்.

*

இதைப் பல வருஷம் லினக்ஸின் தோல்வி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு படித்ததிலும் பார்த்ததிலும் என் நினைப்பு மாறியது. மாற்றிய முதல் ஆள் என் கூடப்பிறந்த அக்காவின் மகள்.

அவர்கள் கேரளத்தில், பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து தேனி, கம்பம், குமுளி ஏறி அந்தப் பக்கம் போக வேண்டும். பிள்ளை தமிழ் மீடியம் பள்ளியில் படித்தாள். ஒரு தடவை போயிருந்தபோது, "மாமா, எங்க ஸ்கூல்ல ஜிம்ப்ல போஸ்டர் பண்ணோம்" என்றாள். ஜிம்ப் என்பது படம் திருத்தும் கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். எனக்கே அது முழுசாகத் தெரியாது. அவளுடைய கம்ப்யூட்டர் பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். தமிழில் அச்சடித்த கேரள அரசுப் புத்தகம். கணக்குப் பாடத்துக்கு ஜியோஜீப்ரா, நிரல் எழுதப் பைத்தான் எல்லாம் இருந்தது. படங்களில் தெரிந்த திரை உபுண்டு, லினக்ஸில் ஒரு வகை. வைரஸ், காசு கொடுக்காமல் மென்பொருளின் பூட்டை உடைக்கும் கிராக் என்ற பேச்சே அவளுக்குப் புதிது. "கிராக்னா என்ன மாமா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் என் தொழிலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. இப்போது அதன் பெயர் கைட். 2019-இல் அவர்கள் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு தயாரித்து இரண்டு லட்சம் கணினிகளில் போட்டார்கள். 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று செய்தி வந்தது. இந்தக் கணக்கை நான் நம்பவில்லை. ஒரு மிஷினில் போடும் மென்பொருள்களைக் காசு கொடுத்து வாங்கினால் ஒன்றரை லட்சம் ஆகும், அதை இரண்டு லட்சத்தால் பெருக்கு என்று போட்ட கணக்கு அது. எந்த அரசாங்கம் ஒரு பள்ளிக்கூட மிஷினுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மென்பொருள் வாங்கப்போகிறது? எங்கள் ஒன்பது உரிமத்தைப் போலத்தான், கொடுக்காத காசின் மிச்சம்.

ஆனால் அந்தக் கணக்கு தப்பு என்பதால் அந்த வேலை தப்பாகிவிடாது. அவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிக்கொரு ஆளைப் பொறுப்பாக்கினார்கள். பாடப் புத்தகத்தை அதே மென்பொருளை வைத்து எழுதினார்கள். தேர்வும் அதிலேயே. என் அக்கா மகளுடைய டீச்சர் பிரிண்டர் மக்கர் பண்ணினால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். மேலூரில் அந்த 'யாருக்கு' என்ற இடத்தில் நான் இருந்தேன். எனக்கு லினக்ஸ் அரைகுறை, கூலியும் ஒரு தடவைக் கூலி.

தமிழ்நாட்டில் யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. கேரளத்துக்கு வெகுவாகப் பின்தங்கியும் நாம் தொடங்கவில்லை. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கும், ஓப்பன் ஆபீஸ் என்ற கட்டற்ற ஆபீஸ் மென்பொருளுக்கும் மாற்றியது. அப்போது அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அதைக் கையில் எடுத்துச் செய்தார். நாடு முழுக்கப் பேசினார்கள். அவர் அந்த நாற்காலியிலிருந்து போனபின் பேச்சும் போய்விட்டது. ஓர் அதிகாரியின் ஆர்வத்தில் ஓடுகிற வண்டி அவருக்கு மாறுதல் வரும்வரைதான் ஓடும். பிறகு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் இரட்டையாக வந்தன. போட்டவுடன் ஒரு கறுப்புத் திரையில் இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். மதுரையில் நான் சர்வீஸ் பார்த்த அந்த லேப்டாப்புகளில் பாஸை ஒரு தடவையாவது திறந்து பார்த்த பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பெரும்பாலானவர்கள் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, அந்தக் கறுப்பு மெனுவ எடுத்துவிட்ருங்கண்ணே, சினிமா ஏத்த இடம் பத்தல." எடுத்துவிட்டேன். அதற்கும் காசு வாங்கினேன்.

விலையில்லா என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அருமையான சொல். இலவசம் என்றால் கேட்பவருக்குக் கௌரவக் குறைச்சல். விலையில்லா என்றால் விலைமதிப்பற்றது மாதிரியும் கேட்கும். ஆனால் இந்த மென்பொருள்களுக்குத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் பெயர் கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்பதுகளிலிருந்து ஊர் ஊராகப் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. கட்டு வேறு, விலை வேறு. இருந்தும் அரசு ஆணைகளில் நாம் விலையைப் பற்றியே பேசினோம். கட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

மேலூர் அலுவலகத்தில் கட்டு விண்டோஸில் இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியில் இருந்தது. 2010-இலேயே தமிழக அரசு, கோப்புக்குள்ளேயே தமிழைத் தமிழாகச் சேமிக்கும் யூனிகோடையும், டேஸ் 16 என்ற இன்னொரு குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆணை வந்தது, ஆள் வரவில்லை. பழைய கோப்புகளை மாற்றித் தருகிறேன், புதிய முறையில் அடிக்கச் சொல்லித் தருகிறேன் என்று ஒருவரும் அக்காவின் மேஜைக்கு வரவில்லை. பத்து நிமிஷ வேலையும் அதில் உண்டு. லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99-உடன் பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. அதைத் தேர்ந்து கொடுத்திருந்தால் அக்கா தன் விரல் பழக்கத்திலேயே யூனிகோடில் அடித்திருப்பார். 2014-இல் எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் என் கதை வேறு மாதிரி இருந்திருக்குமோ என்று இப்போதும் நினைப்பதுண்டு. பிரிண்டரை நினைத்தால் அந்த நினைப்பு போய்விடும்.

*

வெளிநாட்டுக் கதைகளைப் படிக்கும்போது நான் தேடுவது, அவர்கள் எதை முதலில் மாற்றினார்கள் என்பதை. பிரான்ஸின் ஜாந்தார்மரி என்ற காவல் படை 2005-இல் ஓப்பன் ஆபீஸுக்குப் போனது. அப்போதும் கீழே விண்டோஸ்தான். அடுத்து பிரவுசருக்கு ஃபயர்பாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட். ஆட்களுக்கு அன்றாடம் தொடும் மென்பொருள்கள் கைவந்த பிறகு, 2008-இல்தான் அடியிலிருந்த விண்டோஸை உருவிவிட்டு உபுண்டுவைத் தள்ளினார்கள். மேலே எல்லாம் பழகின முகம், அதனால் கீழே மாறியது பலருக்கு உறைக்கவே இல்லை. இன்றைக்கு லட்சத்தை ஒட்டிய கணினிகள் அப்படி ஓடுகின்றன. நாம் தலைகீழாகச் செய்தோம். முதல் நாளே அடியை உருவினோம், மேலே இருந்ததெல்லாம் சரிந்தது.

மியூனிக் நகராட்சிக் கதை இன்னும் சுவாரசியம். 2003-இல் லினக்ஸுக்கு மாறுவது என்று முடிவெடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மரே பனிச்சறுக்கு விடுமுறையிலிருந்து மேயரைப் பார்க்க வந்தார். மேயர் அசையவில்லை. சுமார் 15,000 கணினிகள், பத்து வருஷ வேலை, ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகராட்சியே கணக்குச் சொன்னது. ஆனால் 2017-இல் அதே நகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. மேயர் மாறியிருந்தார், ஊழியர்களிடம் புகார் இருந்தது. அந்தப் புகார்களில் எத்தனை லினக்ஸைப் பற்றியவை, எத்தனை அங்கிருந்த கணினித் துறையின் குளறுபடியைப் பற்றியவை என்று இன்னும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது மாமியார் மருமகள் சண்டை மாதிரி. எந்தப் பக்கம் பேசினாலும் வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது அதே ஜெர்மனியின் வடக்கில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இறங்கியிருக்கிறது. முதலில் ஓப்பன் ஆபீஸின் வாரிசான லிப்ரே ஆபீஸ், பிறகு நாற்பதாயிரம் மின்னஞ்சல் பெட்டிகள். இயங்குதளம் கடைசியில். அவர்கள் சொன்ன கணக்கில் ஒன்றரைக் கோடி யூரோவுக்கு மேல் உரிமக் கட்டணம் மிச்சம். கூடவே, மாற்று வேலைகளுக்கு 2026-இல் 90 லட்சம் யூரோ ஒதுக்கீடு. இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் எண்ணின் மேல் நம்பிக்கை வந்தது. மிச்சத்தில் பாதிக்கு மேல் ஆளுக்கும் வேலைக்கும் திருப்பிக் கொடுக்கிறவன்தான் உண்மையாகவே மாறப்போகிறான்.

*

சரி, மேலூருக்கு வருகிறேன். போன் வந்த மறுவாரம் போனேன். அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் ஒரு பெண் இருக்கிறார். அவருக்குத் தட்டச்சு தெரியாது. போனில் அடிப்பதைப் போல ஆங்கிலத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் அம்மா வருகிற முறை. யூனிகோட், அதனால் எங்கே கொண்டுபோனாலும் தமிழாகவே இருக்கும். ஆணைகள் செய்யாததைப் போன்கள் செய்துவிட்டன. டோக்கன் கேட்கும் தளமும் இப்போது சாதாரண பிரவுசரில் திறக்கிறது. 2014-இல் என்னைச் சாய்த்த மூன்றில் இரண்டு தானாகவே விலகி நின்றன. வெள்ளைப் பிரிண்டர் மட்டும் அதே மேஜையில் இருந்தது.

ஒரு மிஷினில் மட்டும் லினக்ஸ் போட்டேன். மற்றவற்றில் விண்டோஸை அப்படியே விட்டு லிப்ரே ஆபீஸ் மட்டும். ஜாந்தார்மரி வழி. பழைய கோப்புகளை ஒரு வட்டில் வாங்கி வந்து வீட்டில் மாற்றிப் பார்த்தேன். ஓப்பன்-தமிழ் என்று தமிழர்கள் சிலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று போட்டிருக்கும் நிரல் தொகுப்பு இருக்கிறது. பாமினியை யூனிகோடாக்கும் வேலையும் அதில் உண்டு.

முதல் ஓட்டத்தில் ஆங்கிலத்தில் இருந்த அரசாணை எண்களும் தமிழாகிக் குழறின. எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதை மட்டும் மாற்று என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்த ஓட்டத்தில் ஆங்காங்கே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதன் பக்கத்தில் ஒரு கொம்பு தனியாக. தட்டச்சில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முன்னால் வர வேண்டும். நிரல் இதைத் திருப்பிப் போட்டுவிடும். ஆனால் அக்கா பேச்சு வாக்கில் எங்கேயாவது கொம்பை இரண்டு தடவை தட்டியிருந்தால், ஒன்று அநாதையாக நிற்கும். பழைய எழுத்துருவில் கண்ணில் படாதது, இப்போது வட்டத்தோடு எழுந்து நிற்கிறது. மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு அடித்த கடிதங்கள் எவை என்று அந்த வட்டங்களை வைத்தே சொல்லிவிடலாம் போலிருந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து நானூறு கோப்புகளைத் திருத்தினேன்.

பிறகு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தேன். இரண்டே வரி. முதல் வரி: மென்பொருள் கட்டணம், பூஜ்யம். இரண்டாவது வரி: ஒரு வருஷத்துக்கு, மாதம் இரண்டு தடவை நேரில் வந்து பழக்கிக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் கூலி. பதினொரு மிஷினுக்கு அப்டேட் கட்டணத்தில் பாதிகூட வராத தொகை.

சார் வாங்கிப் பார்த்தார். பூஜ்யத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "இது நல்லாருக்கு" என்றார். இரண்டாவது வரியின் மேல் கோடு இழுத்தார்.

"இதுக்கு ஹெட் இல்லையேப்பா. மென்பொருளுக்குன்னா ஃபண்டு இருக்கு. ஆளுக்குன்னு கேட்டா மேலே கேப்பாங்க."

"அப்ப மென்பொருள்னே போட்டுக்குங்க சார்."

"பூஜ்யம்னு நீதானப்பா எழுதியிருக்க."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். பிரிண்டரில் ஒரு பக்கம்தான் வருகிறதாம்.